ஓநாய்க்குத் தோல் உரித்தது யார்?

என் குரலின்மீது எனக்கு அந்நாளில் அளவுகடந்த மதிப்பு இருந்தது. கோடையில் வறண்டு கிடக்கும் பாலாற்று மணலில் விடியற்காலையில் போய் நிற்பேன். எதிரே தெரியும் ஏலகிரி மலையைச் சபைத் தலைவராகப் பாவித்து, "தலைவர் அவர்களே" என்று தொடங்கி அரைமணி நேரம் பேசுவேன். மலை ஒருநாளும் குறுக்கிட்டதில்லை. அதனால் என் வாதங்களுக்கு மறுமொழியே இல்லை என்ற எண்ணம் எனக்குள் வேரூன்றிவிட்டது. வாணியம்பாடியில் இருபது வயதுக்குள் என்னைப்போல் மேடையை ஆண்டவன் எவனுமில்லை என்று நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், கேட்க அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லியும் வந்தேன்.

எங்கள் வாசகசாலையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சொற்போர் நடக்கும். எந்தக் கட்சியைப் பேசுவது என்று பேசுகிறவன் தேர்ந்துகொள்ள முடியாது. காரியதரிசி தம் துருக்கித் தொப்பியைக் கழற்றி, அதற்குள் இரண்டு சீட்டுகளை மடித்துப் போட்டு நீட்டுவார். கைக்கு வந்த கட்சியைப் பேசித் தீரவேண்டும். சென்ற மாதம் மதுவிலக்கை ஆதரித்தவன் இந்த மாதம் கள்ளுக்கடைக்காகக் கண்ணீர் விடுவான். பேசுவது வேறு, நம்புவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே படித்தவனின் அடையாளம் என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம்.

அந்த முறை கொடுக்கப்பட்ட பொருள், 'குழந்தைகளுக்கு விலங்குக் கதைகள் சொல்வது நன்மையா, தீமையா' என்பது. என் சீட்டில் 'தீமை' என்று இருந்தது. 'நன்மை' என்று இருந்திருந்தாலும் அதே உற்சாகத்தோடுதான் வீடு திரும்பியிருப்பேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. குற்றம் சாட்ட வேண்டிய விலங்குகளை நான் சந்தித்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. நரி காக்கையிடம் என்ன சொல்லிற்று என்பதுகூட மங்கலாகத்தான் நினைவிருந்தது. அப்போதுதான், கல்லூரியிலிருந்து நான் திரும்பும் வழியில் இருந்த சிறிய பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்காகத் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திவந்த பள்ளிக்கூடம் அது. நாட்டு ஓடு வேய்ந்த ஒரே கூடம்; ஒரே ஆசிரியை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்தச் சுவரைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். அது கதை மணி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியைக்கு முப்பது வயது இருக்கும். ஊரார் அவரை டீச்சரம்மா என்பார்கள். நான் போய், ஒரு பிரசங்கத்துக்காகக் கதைகளைக் கேட்க வேண்டும், பின்னால் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். எந்தக் கட்சிக்கான பிரசங்கம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, "இந்தத் தம்பி நீங்க பேசறத மேடையில போய்ப் பேசப் போறாராம், ஒழுங்கா கேளுங்க" என்றார். பிள்ளைகள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள்.

ஐந்து பிற்பகல்கள் அங்கே உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மாவிடம் ஒரு துணிப்பையில் சில விலங்குகள் இருந்தன. தோல் வியாபாரிகளின் மண்டிகளில் வெட்டி எறியும் ஓரத்தோல்களைப் பொறுக்கி வந்து அவரே கத்தரித்துச் செய்தவை. ஆமை நன்றாக இருந்தது. காக்கைக்கு விளக்குக்கரி பூசியிருந்ததால் அதைத் தொட்டவர் கையெல்லாம் காக்கையாகும். நாய், நரி, ஓநாய் ஆகிய மூன்றுக்கும் ஒரே தோல்துண்டுதான். காதை நிமிர்த்தினால் நரி, மடித்தால் நாய், ஒன்றை நிமிர்த்தி ஒன்றை மடித்தால் ஓநாய். அந்த ஒற்றைக்காது மடிந்த ஓநாயைக் கண்டு எந்தப் பிள்ளையும் பயந்ததாகத் தெரியவில்லை.

அவர் கதை சொல்லும் முறை புதுமையானது. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "யாருக்கு இன்னா சந்தேகம்?" என்பார். உடனே கூடம் கிளம்பிவிடும்.

காக்கை வடையைத் திருடியது; நரி அதைப் பாட வைத்து ஏமாற்றி வடையைக் கவ்விக்கொண்டு போனது. திருட்டுக்குத் தண்டனை கிடைத்தது என்று நாமெல்லோரும் திருப்தியோடு எழுந்துவிட்ட கதை. ஒரு பிள்ளை கேட்டது: "ஆயாவுக்கு வடை திரும்பி வந்துச்சா டீச்சர்?" வரவில்லை என்றார் டீச்சரம்மா. "அப்போ கதை எப்படி முடிஞ்சிடும்?" என்று அந்தக் குரல் விடாமல் கேட்டது. காக்கைக்கும் நரிக்கும் நியாயம் வழங்கிய நாம் வடை சுட்டவளை அடுப்போரத்திலேயே விட்டுவிட்டு வந்தது எனக்கு அன்றுதான் உறைத்தது. நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆமையோடு பந்தயம் ஓடிய முயல் நடுவழியில் தூங்கிவிட்டது. சோம்பேறி முயல் என்று உலகமே அதைத் தூற்றியிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் தூற்றவில்லை. பகலில் தூங்குகிற தகப்பன்மார்களை வீட்டில் பார்த்தவர்கள் அவர்கள். "அந்த முயலு ராத்திரி வேலைக்குப் போய்ட்டு வந்திருக்கும்" என்று ஒருவன் முயலுக்காக வக்காலத்து வாங்கினான். அப்படியானால் தூங்குகிறவனை எழுப்பாமல் தாண்டிப்போன ஆமைதான் கெட்டது என்று இன்னொரு பிள்ளை தீர்ப்புச் சொன்னது. இல்லை, களைத்தவன் தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் போன ஆமை நல்லது என்று மூன்றாவது பிள்ளை மேல்முறையீடு செய்தது. இருவருக்கும் கைகலப்பு நேரும்போல் இருந்தது. எங்கள் வாசகசாலையில் இவ்வளவு ஊக்கமான வாதத்தை நான் கண்டதில்லை.

ஆனால் கூடத்தையே கவிழ்த்தது ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்தான். டீச்சரம்மா ஒற்றைக்காது ஓநாயின்மீது ஒரு பிடி ஆட்டுமயிரைச் சுற்றி ஆட்டு மந்தைக்குள் அனுப்பினார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் அந்தத் தோலை உரித்தது யார் என்று கேட்டது. ஓநாயே உரித்தது என்று டீச்சரம்மா சமாளித்தார். பல்லால் உரித்தால் தோல் கிழியுமே, கிழிந்த தோலை எங்கள் அப்பா தள்ளிவிடுவாரே என்றது இன்னொரு குரல். சரி, கிழியாமல் உரித்தது என்றார். உப்புப் போட்டதா என்று கேட்டார்கள். ஓநாய்க்கு உப்பு ஏது? அப்படியானால் இரண்டாம் நாளே புழு வைத்துவிடும். மூக்கு உள்ள எந்த ஆடு அதைப் பக்கத்தில் சேர்க்கும்? கடைசியில் முதல் குரலே எழுந்து முடித்து வைத்தது:

"சுண்ணாம்புத் தொட்டியில போட்டா மயிரு போய்டும், மொட்டைத் தோல்தான் மிஞ்சும். போடலன்னா நாறிடும். அந்த ஓநாய் இன்னாதான் பண்ணிச்சி டீச்சர்?"

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். எப்பக்கம் போனாலும் எதிரியை முட்டவைக்கும் இத்தகைய வாதத்தைச் செய்ய நாங்கள் வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிறோம். அது அங்கே சிலேட்டும் பலப்பமும் பிடித்த கையிலிருந்து தானாக வந்தது. அதை வியந்தேனா என்றால், வியந்தேன். ஆனால் இது மேடையில் எத்தனை கைத்தட்டல் பெறும் என்ற எண்ணம் வியப்புக்கு முன்பே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை நிரம்பி வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். தலைமை வகித்தவர் ஊரில் பெரிய சாயபு என்று அழைக்கப்பட்ட முதிய தோல் வியாபாரி. அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் கமிட்டிக்கும் அவரே தலைவர். அவருக்கு ஆங்கிலக் கல்வி கிடையாது. சொற்போர் எதையும் அதற்குமுன் கேட்டதும் கிடையாது. மரியாதைக்காக அழைத்திருந்தோம்.

நான் எழுந்தேன். விலங்குகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினேன். திருடிய காக்கையையும் ஏமாற்றிய நரியையும் பேசிவிட்டு, வடை இழந்த மூதாட்டிக்கு நீதி எங்கே என்று குரலைத் தாழ்த்தினேன். முயலின் களைப்பைப் பற்றி உருகினேன். ஓநாயிடம் வந்தபோது, உரித்தது யார், உப்பிட்டது யார், சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கியது யார் என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினேன். தோலிலேயே பிறந்து வளர்ந்த சபை அது. தோல் தரகர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பெரிய சாயபு கண்களைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு கேள்வியையும் என்னுடையதாகவே சொன்னேன். எங்கே கேட்டேன் என்பதற்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டேன்.

சிரிப்பு மிகுந்துவிட்டால் முடிவில் கனம் சேர்க்க வேண்டும் என்பது மேடைக்கலையின் பாலபாடம். எனவே கடைசியில் முகத்தை இறுக்கிக்கொண்டேன். இந்தப் பொய் விலங்குகளோடு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தினம் ஒரு மணி நேரம் வீணாகிறது என்றேன். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த மணியில் கணக்குக் கற்றுக்கொடுத்தால் அவன் வாழ்வு உயரும். இதை என் மனமறிந்து, இந்தச் சபை அறியச் சொல்கிறேன் என்று வலக்கையை நெஞ்சில் வைத்தேன். முடிவுரைகளில் நெஞ்சில் கை வைப்பது என் வழக்கம். முந்தின மாதம் கள்ளுக்கடைக்காகவும் அதே இடத்தில்தான் வைத்தேன்.

வெற்றி எனக்கே என்று அறிவிக்கப்பட்டது. தோளில் மாலையோடு வீடு வரை தனியாக நடந்தேன். ஆமையும் பந்தயம் முடிந்தபின் வந்த வழியே அத்தனை தூரமும் தனியாகத் திரும்பி நடந்திருக்க வேண்டும். அதைப் பற்றிக் கதையில் யாரும் சொல்வதில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த ஒரு வேடிக்கை மட்டும்தான் என் சொந்தச் சரக்கு. அதை மேடையில் சொல்லவில்லை.

புதன்கிழமை பிற்பகல் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகையில் சிரிப்பு கேட்கவில்லை. ஏழாம் வாய்ப்பாடு ராகத்தோடு கேட்டது. வாசலில் நின்றேன். டீச்சரம்மா வெளியே வந்து, கமிட்டியிலிருந்து வந்த காகிதத்தைக் காட்டினார். இனி கடைசி மணி கணக்குப் பாடத்துக்கு என்று அதில் இருந்தது. கீழே பெரிய சாயபுவின் கையெழுத்து.

இது இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை, சொற்போர் வேறு, நிஜம் வேறு என்று விளக்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இந்தப் பிள்ளைங்க மத்தியானக் கஞ்சிக்கு வீட்டுக்குப் போனா திரும்பி வராதுங்க, தம்பி. தோலுக்குப் போடற ஆவாரம்பட்டை பொறுக்கப் போய்டும், தம்பி தங்கச்சியத் தூக்கிக்கிட்டு நின்னுடும். கதை இருக்குதுன்னுதான் வரும். கதைக்கு வந்தா அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் படிக்கும்." சற்று நிறுத்தி, "கேள்வியெல்லாம் அதுங்க கேட்டதுன்னு அங்க சொன்னீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். எட்டாம் வாய்ப்பாடு தொடங்கியது.

மறுநாளே பெரிய சாயபுவின் மண்டிக்குப் போனேன். ஒரே பேச்சில் சரிசெய்துவிடலாம் என்ற துணிவு எனக்கு இருந்தது. உப்பிட்ட தோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒரு மூலையில் இரண்டு தரகர்கள் ஒரு துண்டை மூடிக்கொண்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் திறக்காத பேரம். மூடிய துண்டுக்குள் எத்தனை விரல் என்பது அவ்விருவருக்கே தெரியும். சாயபு என்னை அன்போடு உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார்.

சொற்போரின் இலக்கணத்தை எடுத்துரைத்தேன். அது ஒரு பயிற்சி. சீட்டில் எது வந்ததோ அதைப் பேசினேன். அதை முடிவாகக் கொள்ளலாகாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ இன்னொரு சீட்டு வந்திருந்தா?"

"அதையும் இதே வலிமையோடு பேசியிருப்பேன், சாயபு."

மூலையிலிருந்த தரகர்களைக் கையால் காட்டினார். "அந்தத் துண்டுக்குள்ள நடக்கறத யாரும் பாக்கல தம்பி. ஆனாலும் வெரலைப் புடிச்சிட்டா அதான் வெலை. நாளைக்கு மார்க்கெட் ஜாஸ்தியா இருந்தாலும் சரி, கம்மியா இருந்தாலும் சரி. நீ ஊரே பாக்க நெஞ்சில கைய வச்சி சொன்ன. நான் அத சீட்டுன்னு எப்படி நெனைப்பேன்?"

ஏலகிரி மலை அதுவரை ஒருநாளும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. இருந்தாலும் வாதத்தில் தோற்கக்கூடாது என்ற பிடிவாதத்தில், உலகெங்கும் சபைகளில் இதுவே மரபு என்று மேலும் ஏதேதோ பேசினேன். அவருக்கு என்மீது கோபம் இல்லை. பேச்சை மாற்றுவதற்காகவோ, உண்மையாகவே அறியும் ஆவலிலோ, முன்னால் குனிந்து ஒன்று கேட்டார்.

"அது போவட்டும். எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த ஓநாய்க் கேள்வி, சுண்ணாம்புல போட்டா மயிரு போய்டும், போடலன்னா நாறிடும்னியே. நான் நாப்பது வருஷமா தோல்லயே கெடக்கறேன். எனக்குத் தோணல. ஒனக்கு எப்படித் தோணிச்சி?"

நான் பின்னால் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதுவரை நான் பேசிய அத்தனையும் அவரை அசைக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் அசைத்திருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்டது, நீங்கள் நிறுத்திய அந்த மணியில்தான் கேட்டது என்றால் போதும். அந்த மணி வீண் என்று நான் சொன்னதற்கு அதைவிடத் தெளிவான மறுப்பு வேறு இருக்க முடியாது. வாக்கியம் நாக்குவரை வந்தது. ஆனால் அவர் கண்களில் வியப்பு இருந்தது. நாற்பது வருஷம் தோலோடு வாழ்ந்தவர் என்னை வியந்து பார்க்கிறார். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"யோசிச்சேன் சாயபு, தோணிச்சு" என்றேன்.

அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

டீச்சரம்மா சொன்னபடியே நடந்தது. மத்தியானத்துக்குப் பின் கூடம் காலியாகத் தொடங்கியது. பிறகு காலையிலும் குறைந்தது. மழைக்காலம் முடிவதற்குள், இத்தனை சிறிய வகுப்புக்கு அவருடைய சம்பளம் அதிகம் என்று கமிட்டி முடிவு செய்தது. அவர் ஆலங்காயத்தில் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். துணிப்பையோடு பஸ் ஏறினார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. அந்த மாதங்களில் எனக்கு வெளியூர்களிலிருந்தும் அழைப்புகள் வந்தன. ஆம்பூரிலும் வேலூரிலும் ஓநாயைப் பேசினேன். போன இடமெல்லாம் அதே சிரிப்பு. ஒவ்வொரு முறையும் சிரிப்பு அடங்குகிற கணத்தில் அடுத்த வாக்கியத்தைத் தேடவேண்டியிருக்கும். பார்த்தவர்கள் அதை மேடை நயம் என்று எண்ணினார்கள்.

அடுத்த வருஷம் கோடையில்தான் மறுபடி மண்டிக்குப் போனேன். இம்முறை முன்னுரை எதுவும் தயாரிக்கவில்லை. அந்தக் கேள்விகள் எவையும் என்னுடையவை அல்ல, பிள்ளைகளிடமிருந்து எடுத்தேன் என்று நின்றபடியே சொன்னேன்.

பெரிய சாயபு கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "யோசிச்சேன்னு சொன்னியே தம்பி" என்றார். குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கதை மணியை மறுபடி வைக்கும்படி காகிதம் எழுதச் சொன்னார். குறைந்த சம்பளத்தில் புதிதாக வந்திருந்த ஆசிரியர் பாடப்புத்தகத்திலிருந்து கதைகளை வாசிப்பார். அதுவும் கதை மணிதான்.

அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் போனேன். மன்னிப்புக்கு ஈடாகக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. டீச்சரம்மா பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முதல்முறை மண்டியில் நான் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. கதை மணி திரும்பியது என்றதும் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் யாரு வர்றாங்க?"

"பத்துப் பதினைஞ்சு பேர் இருக்கும்" என்றேன்.

"எத்தினி பேருன்னு கேக்கல தம்பி. பேரச் சொல்லுங்க. எந்தப் பிள்ளை திரும்பி வந்துச்சி, எது வரல?"

ஐந்து பிற்பகல்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் சொல் பிசகாமல் எனக்கு மனப்பாடம். நூற்றுக்கணக்கானவர்கள் முன் ஏற்ற இறக்கத்தோடு சொல்லியிருக்கிறேன். கேட்டது எந்தப் பிள்ளை என்று ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. பெயர்தான் போகட்டும், ஒரு முகமாவது நினைவுக்கு வருமா என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை; அந்த ஐந்து நாளும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

டீச்சரம்மா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, ஊருக்குத் திரும்பும் பஸ் புறப்படும் நேரமாகிவிட்டது, போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.